வழக்கறிஞரும் எழுத்தரும்: பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் தொடக்ககால ஆசிரியர்கள்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளை வளர்த்தோர் பலர், வேறு தொழிலிலிருந்து தமிழாசிரியப் பணிக்கு வந்தவர்கள். நாவலர் சோமசுந்தர பாரதியார், ரா.பி. சேதுப்பிள்ளை ஆகியோர் வழக்கறிஞராக இருந்தவர்கள். இத்தொழில் மாற்றத்தை ஆர்வத்தின் விளைவு என்று மட்டும் கூறிச் செல்வது வழக்கம். ஆர்வத்தைத் தகுதியாக மாற்றிய கல்வி வழிகள் எவை என்பதை மூவர் வாழ்க்கை கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்திலிருந்து தமிழுக்கு

எஸ். வையாபுரிப்பிள்ளை சட்டம் பயின்று திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். 1936இல் அப்பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவரானார். பதிப்பும் சுவடி ஒப்பீடும் அவருக்குரிய தகுதிகளாகக் கொள்ளப்பட்டன. அவர் பெற்ற தொழிற்பட்டம் சட்டப் பட்டமே.

தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் இதிலிருந்து ஒரு படி வேறுபடுகிறார். 1923இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட அவர், வரலாற்றில் முதுகலையும் பின்னர்க் கீழைமொழி முதுகலைப் பட்டமாகிய எம்.ஓ.எல். பட்டமும் பெற்றார். 1944இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். வழக்கறிஞர் என்ற தகுதியோடு தமிழ்ப் பட்டமும் இவரிடம் சேர்ந்திருந்தது.

எழுத்தரிலிருந்து முனைவர் வரை

மு. வரதராசனிடம் சட்டப் பட்டமும் இல்லை. கல்லூரியில் பயிலும் வாய்ப்பும் இளமையில் அமையவில்லை. பள்ளியிறுதிக் கல்வியோடு திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தரானார். உடல்நலக் குறைவால் அப்பணியை விட்டு, தமிழைத் தனியே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்றார். பள்ளித் தமிழாசிரியராக இருந்தபடியே பி.ஓ.எல். முடித்து, 1939இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியப் பணிக்கிடையே தமிழ் வினைச்சொற்களைப் பற்றிய ஆய்வுக்கு 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு 1948இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

இம்மூவரையும் வரிசையாக நோக்கினால் ஒரு மாற்றம் புலப்படும். வையாபுரிப்பிள்ளையின் வழி, ஆங்கிலவழிச் சட்டக் கல்விக்குப் பொருளும் காலமும் செலவிட இயன்றோர்க்கே உரியது. அவ்வசதி இல்லாத எழுத்தர் ஒருவர்க்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தவை, பணியிலிருந்தோரும் எழுதக்கூடிய தேர்வுகளும் பட்டங்களுமே ஆகும். எனவே, பட்டமில்லாப் புலமையின் காலத்தைப் பொற்காலமாகப் போற்றுவது முழு உண்மையாகாது. பட்ட முறை புலமையைக் குறுக்கியது என்பார் உளர். புலமைக்கு வருவோரின் எல்லையை அது விரித்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

இன்றைய நிலை

இன்று உதவிப் பேராசிரியர் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி உரிய அல்லது தொடர்புடைய பாடத்தில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுகலையும், தகுதித்தேர்வு வெற்றியோ முனைவர் பட்டமோ வேண்டும். சட்டப் பட்டத்தோடு மட்டும் ஒருவர் தமிழ்த்துறைக்கு விண்ணப்பிக்க இயலாது. இதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால், வேலையிலிருந்தபடியே பயின்று வரும் பகுதிநேர ஆய்வாளரை முழுநேர ஆய்வாளரினும் ஒரு படி தாழ்ந்தவராகக் கருதும் மனப்பான்மை ஆய்வுலகில் உண்டு. மு.வ.வின் இரு ஆய்வுப் பட்டங்களும் பணியில் இருந்தபடியே பெறப்பட்டவை என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

முடிவுரை

தமிழ்த்துறைகளின் வரலாறு, தொழில் மாறி வந்தோரின் வரலாறாகவும் அமைகிறது. அம்மாற்றத்திற்கு ஆர்வம் காரணமாயினும், அதனை நிறைவேற்றியது உழைத்துக்கொண்டே கற்க இடமளித்த தேர்வு முறையாகும். தகுதி விதிகளைத் திருத்துவோர் முதலில் காக்க வேண்டியது அவ்வழியையே. பணியிலிருந்து மாலையில் நூலகம் வரும் ஆய்வாளர் இத்துறைக்குப் புறத்தார் அல்லர். இத்துறையின் மரபில் வந்தவரே ஆவார்.