கழுகுமலை இயக்கியும் மாக்கோழியும்

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கழுகுமலை. பாண்டியர் காலத்தில், கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பெரும் சமணப் பள்ளியாக விளங்கிய அம்மலையில், தீர்த்தங்கரர் திருவுருவங்களுக்கு நடுவே அம்பிகா இயக்கி நிற்கின்றாள். அருகே இரு பிள்ளைகள், ஒரு சிங்கம், கை உயர்த்திய ஓர் ஆடவன்.

கதைக்கு உயிர் நிகழ்ச்சிக் கோவையா, மாந்தரின் உள்ளமா என்று இக்காலத் திறனாய்வாளர் வினவுவர். அவ்வினாவோடு இச்சிற்பத்தை நோக்குதல் நன்று. நீத்தார் கடனுக்கெனச் சமைத்த உணவை முனிவருக்கு அளித்தாள் ஓர் இல்லாள். கணவன் சினந்து துரத்தினான். பட்ட மாமரம் அவளுக்காகக் காய்த்தது. மனம் மாறித் தேடி வந்த கணவனைக் கண்டு அஞ்சி அவள் உயிர் நீத்து, நேமிநாதரின் இயக்கியானாள். அவனோ மறுபிறவியில் அவள் ஊர்தியாகிய சிங்கமானான். அவ்வாடவனைக் கணவன் என்றே ஆய்வாளர் கொள்வர். அங்ஙனமாயின் மனிதனாகவும் விலங்காகவும் ஒருவனே இருமுறை நிற்கின்றான்! காலவரிசையைச் சிற்பி பொருட்படுத்தவில்லை. சினந்தவனையும் அச்சினத்தின் பயனையும் அருகருகே வைத்துவிட்டான்.

யசோதர காவியமும் இவ்வழியதே. மனைவியின் பிழையைக் கண்ட மன்னன் அதனை மறைத்து, தீக்கனவு கண்டதாகத் தாயிடம் உரைத்தான். தாய் உயிர்ப்பலி வேண்டினாள், அவன் மறுத்தான், முடிவில் மாவினாற் செய்த கோழியை வெட்ட இசைந்தான். குருதி சிந்தவில்லை; ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தது. தாயும் மகனும் நஞ்சுண்டு இறந்தபின் விலங்குப் பிறவிகள் தொடர்கின்றன. வெளிநிகழ்ச்சி மட்டுமே கதையாயின், மாக்கோழிக்கு இத்தனை பிறவிகள் எதற்கு? பாவனையே வினை என்னும் நம் கொள்கையில், உள்ளம் வேறு நிகழ்ச்சி வேறு அன்று. இல்லங்களில் இக்கதையைச் சொல்லும் நாம் மயில், நாய், முள்ளம்பன்றி எனப் பிறவிகளை எண்ணி முடித்துவிடுகின்றோம். தாய்க்கும் கொல்லாமைக்கும் இடையே மன்னன் தயங்கிய பொழுது விடுபட்டுப் போகின்றது. சிறுவர் மனத்தில் அச்சம் மட்டுமே எஞ்சுகின்றது.

சீவக சிந்தாமணிக்கும் இக்குறை நேர்ந்ததுண்டு. சீவகனின் எட்டு மணங்களால் ‘மணநூல்’ எனப் பெயர் பெற்றமையின், அதனை இன்பக் கதையென்றே கருதினோர் பலர். உ.வே.சா. 1887இல் பதிப்பிக்கு முன்னர், கும்பகோணம் சமணர் இல்லங்களில் அது பாராயண நூலாக ஓதப்பட்டு வந்ததை அவரே வியந்து எழுதியுள்ளார். ஓதியவர்கள் பதின்மூன்றாவதான முத்தி இலம்பகம் வரை சென்றவர்கள் ஆயிற்றே. அங்குப் பெரும் போர் ஏதுமில்லை. ஆண் குரங்கு தன் துணைக்கு ஒரு பலாப்பழத்தை அளிக்கின்றது. தோட்டக்காவலன் அதனைப் பறித்துக்கொள்கின்றான். பறிகொடுத்த குரங்கில் தான் வென்ற கட்டியங்காரனையும், பறித்த காவலனில் தன்னையும் கண்ட சீவகன், வென்ற அரசைத் துறக்கத் துணிகின்றான்.