ஒன்றொன்றாக விற்கப்பட்ட யோகினிகள்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் தயாராகும் கார்கள் டிரெய்லரில் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. ஏற்றுமதி என்றால் இன்று இந்த வட்டாரத்துக்கு அதுதான். ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் இதே காஞ்சிபுரம் சீமையிலிருந்து கற்சிலைகள் கப்பலேறின. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், 1926 வாக்கில், 10-ஆம் நூற்றாண்டு யோகினிச் சிலைகளைக் காஞ்சிப் பகுதியில் தேடிச் சேர்த்துப் பாரிஸ் வணிகர் சி. டி. லூவுக்கு அனுப்பினார். அவை இன்று கண்டங்கள் தாண்டிச் சிதறிக் கிடப்பதற்கு இரண்டாம் உலகப் போரைவிட விற்பனைப் போட்டியே முதற்காரணம் என்பது என் வாதம்.

சிலைகளைக் கிட்டத்தில் பார்த்தால், பிரித்ததில் இழந்தது என்ன என்று புலப்படும். மூன்றரை அடி உயரம், நான்கு கைகள், தலையைச் சுற்றி விரிந்த சடை, மெல்லிய சிரிப்பின் ஓரத்தில் சிறு கோரைப்பல். அமர்ந்த நிலையும் அளவும் ஏறத்தாழ ஒன்றே. கையிலிருப்பதும் காதணியும் முகபாவமும்தான் சிலைக்குச் சிலை மாறுகின்றன. கூட்டமாக வணங்கப்பட்ட பெண் தெய்வங்கள் இந்த யோகினிகள். பக்கத்தில் தோழி இல்லாவிட்டால் ஒருத்தியின் தனித்தன்மை பாதிகூட விளங்காது.

வணிகருக்கோ இந்த வேறுபாடே முதல். 1940-இல் பாரிஸ் ஜெர்மானியர் கைக்குப் போனபின் லூவின் வியாபாரம் அவருடைய நியூயார்க் கடையையே நம்பி நின்றது. அங்கே ஆசியக் கலைக்கு அவரோடு போட்டியிட்ட ஜப்பானிய யமனாகா நிறுவனத்தின் சரக்கை, எதிரி நாட்டுச் சொத்து என்று அமெரிக்க அரசு கைப்பற்றி ஏலம் விட்டது. இந்தியக் கலையில் பம்பாய்ப் பார்சியான நஸ்லி ஹீராமானெக் எதிரே நின்றார். 1942-இல், போரின் நடுவே, லூ இந்திய, தென்கிழக்காசியச் சிற்பங்களுக்குத் தனி விற்பனைப் பட்டியலே வெளியிட்டார். வாங்குவோர் பெரும்பணக்காரர்களும் அவர்கள் பணத்தில் வளர்ந்த அருங்காட்சியகங்களும். அவர்களிடம் தொகுதியை விற்றால் ஒரே விலை. ஒற்றைச் சிலையை விற்றால் அடுத்த நகரத்துக்காரருக்கும் ஆசை மூளும்.

அருங்காட்சியகங்களில் சிலைகள் சேர்ந்த ஆண்டுகள் இதற்குச் சாட்சி. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 1955, டெட்ராய்ட்டுக்கு 1957, மினியாபோலிஸுக்கு 1960. போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் தவணை தவணையாகவே கைமாறின. கன்சாஸ் சிட்டி, டொராண்டோ, பாரிஸ் என்று மற்றவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இக்கூட்டத்தின் மிச்சம் உண்டு.

இவர்கள் இருந்த ஆலயம் ஏற்கெனவே அழிந்திருந்தது, சிலைகள் கேட்பாரற்றுக் கிடந்தன, எடுத்துப் போனதால்தான் பிழைத்தன என்று சொல்வோர் உண்டு. அந்தக் கூற்றில் பாதியை ஏற்கிறேன். தேடிச் சேர்த்தது காத்தது, சரிதான். ஆனால் காப்பாற்ற ஒரே கூரை போதும். பத்து நகரங்கள் தேவையில்லை. சேர்த்தவரின் காரணம் வேறு, பிரித்தவரின் காரணம் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் மூடுவது ஆய்வுக்கு உதவாது.

வாஷிங்டன் சாக்லர் காட்சிக்கூடத்து யோகினியின் விவரக்குறிப்பில் கொடையாளர் ஆர்தர் சாக்லரின் பெயர் முழுதாக இருக்கிறது. அவள் எந்த ஊரின் எல்லையில், யாரோடு அமர்ந்திருந்தாள் என்பதோ இன்றும் உறுதியாகத் தெரியாது.