கலொடன் போரும் மலைநாட்டுக் குலங்களும்

1746ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 16ஆந் திகதி, ஸ்கொத்லாந்தின் வடபாலுள்ள இன்வர்னெஸ் நகருக்கு அணித்தாய கலொடன் வெளியில் நிகழ்ந்த போர் ஒரு மணி நேரமேனும் நீடித்ததன்று. ஆயினும், பல நூற்றாண்டுகளாக நிலைபெற்ற மலைநாட்டுக் குலமுறையின் அழிவை அதுவே விரைவுபடுத்திற்று. அத்தோல்விக்குப் பகைவரின் வலிமை மட்டுமன்றித் தலைமையின் பிழைகளும் காரணமாயின.

1688இல் அரசிழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் பேரனாகிய சாள்ஸ் எட்வேட், தன் தந்தைக்கு முடியை மீட்டுத்தரக் கருதி 1745இல் ஸ்கொத்லாந்தில் வந்திறங்கினான். மலைநாட்டுக் குலத்தலைவர் பலர் தம் குடிகளோடு அவன் கொடிக்கீழ்த் திரண்டனர். பிரெஸ்டன்பான்ஸ் களத்தில் வென்ற அப்படை, இங்கிலாந்தினுட் புகுந்து டிசெம்பர் மாதத்தில் டார்பி நகர்வரை சென்றது. எதிர்பார்த்த ஆங்கிலேயர் ஆதரவும் பிரான்சின் உதவியும் கிட்டாமையால் அங்கிருந்து பின்வாங்கிற்று.

இரண்டாம் ஜோர்ஜ் மன்னனின் மகனான கம்பர்லாந்துக் கோமகன் அரச படையுடன் வடக்கே தொடர்ந்து வந்தான். போருக்கு முந்திய இரவில், நேர்ண் நகரருகே தங்கியிருந்த அப்படையைத் திடீரெனத் தாக்கச் சென்ற மலைநாட்டார், விடியுமுன் அவ்விடத்தை அடைய இயலாது திரும்பினர். ஊணும் உறக்கமுமின்றி இளைத்த ஏறக்குறைய 5,500 வீரர், மறுநாள் சுமார் 8,000 பேரை எதிர்த்து நின்றனர். வாளேந்தி விரைந்து பாய்வதே அவர்தம் போர்முறை. சதுப்பு நிறைந்த அவ்வெளி அதற்கு ஒவ்வாதென ஜோர்ஜ் மறே பிரபு எடுத்துரைத்தும் இளவரசன் ஏற்றிலன். பீரங்கிக் குண்டுகளுக்கு நெடுநேரம் இலக்காகி நின்ற பின்னரே அவர்கள் பாய்ந்தனர். பகைவர் அணியை எட்டியவர் சிலரே. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். காயமுற்று வீழ்ந்தோரும் கொல்லப்பட்டனர்.

இதனை ஆங்கிலேயருக்கும் ஸ்கொத்தியருக்கும் இடையே நிகழ்ந்த போர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அரச படையிலும் ஸ்கொத்தியர் பலர் இருந்தனர். ஆயினும், போரின் பின்விளைவுகள் மலைநாட்டின் மீதே கடுமையாக விழுந்தன. குலத்தலைவர் வழிவழியாகப் பெற்றிருந்த நீதி வழங்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றம் பறித்தது. ஆயுதம் தாங்குதலும் ஆடவர் மலைநாட்டு உடை அணிதலும் தடுக்கப்பட்டன. உடைத்தடை 1782 வரை நீடித்தது.

சாள்ஸ் பல மாதங்கள் மறைந்து திரிந்து பிரான்சுக்குத் தப்பினான். அவன் தலைக்கு 30,000 பவுண் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தும், வறிய மலைநாட்டார் அவனைக் காட்டிக்கொடுத்திலர். அவன் 1788இல் உரோமாபுரியில் இறந்தான். அவன் இழந்தது தான் ஒருபோதும் அணியாத முடியை. அவனைக் காத்த மக்கள் இழந்ததோ தம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கை முறையை.