டொபீகாவில் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், கோதுமை விளையும் கான்சாஸ் மாநிலத்தின் தலைநகரம் டொபீகா. அங்கே மன்ரோ தொடக்கப்பள்ளி என்றொரு கட்டடம் உண்டு. பள்ளி 1975-இல் மூடப்பட்டது. 2004 முதல் அஃது ஒரு வரலாற்று நினைவிடம். வெள்ளைக் குழந்தைக்கு ஒரு பள்ளி, கறுப்பினக் குழந்தைக்கு வேறொரு பள்ளி என்னும் முறையை அந்நாட்டு உச்சநீதிமன்றம் தகர்த்த வழக்கை நினைவூட்டி நிற்பது.

இடிந்த சுவரும் ஒழுகும் கூரையுமாக ஏதோ ஓர் ஏழைப் பள்ளியைக் காணப்போகிறோம் என்று எண்ணியே நான் சென்றேன். கண்டதோ 1926-இல் எழுப்பப்பெற்ற செங்கல் மாளிகை! ஊர்ப்புறத்தில் மரத்தடியிலும் கீற்றுக் கொட்டகையிலும் எழுத்தறிந்த நம்மவர் பலர்க்கு இஃது அரண்மனையாகவே தோன்றும். இதில் என்ன குறை கண்டனர் என்ற கேள்வி என் உள்ளத்தில் எழாமல் இல்லை. வழக்கின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

கான்சாஸில் 1879-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பெரிய நகரங்கள் தொடக்கப்பள்ளிகளை இனவாரியாகப் பிரிக்க இடங்கொடுத்தது. டொபீகாவில் கறுப்பினக் குழந்தைகளுக்கென நான்கே பள்ளிகள். அவற்றுள் ஒன்று மன்ரோ. லிண்டா பிரௌன் என்னும் சிறுமி, நாள்தோறும் இரயில் தண்டவாளங்களைக் கடந்து சென்று, பேருந்து ஏறி இப்பள்ளியை அடைய வேண்டும். சம்னர் பள்ளியோ வீட்டிலிருந்து ஏழு தெருத் தொலைவுதான். தந்தை ஆலிவர் பிரௌன் மகளைக் கைப்பிடித்து அங்கே அழைத்துச் சென்றார். இடமில்லை என்று திருப்பி அனுப்பினர். 1951 பிப்ரவரியில் 13 பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவருள் பன்னிருவர் பெண்டிர். ஆடவர் ஆலிவர் ஒருவரே. ஆயினும் வழக்கு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று!

தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் ஆகிய இடங்களிலிருந்தும் இத்தகைய வழக்குகள் வந்தன. வர்ஜீனியாவில் தார்க்காகிதம் போர்த்த கொட்டகைகளில் படித்த மாணவர்கள், பதினாறு வயதுப் பெண்ணான பார்பரா ஜான்ஸின் தலைமையில் வேலைநிறுத்தமே செய்தனர். அத்தகைய இடங்களில், ‘நல்ல கட்டடம் கட்டித் தருகிறோம்’ என்று அரசினர் தப்பித்துக்கொள்ளலாம். தென் கரோலினா அரசு அம்முயற்சியில் இறங்கவும் செய்தது. டொபீகாவில் அதற்கு வழியில்லை. கட்டடமும் பாடமும் ஏறத்தாழச் சமமே என்று கீழ்நீதிமன்றம் கண்டது; பிரித்துவைப்பதே குழந்தையின் உள்ளத்தைக் குலைக்கிறது என்றும் கண்டது. எனினும் 1896-ஆம் ஆண்டின் பழைய தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு வழக்கைத் தள்ளிவிட்டது. தர்குட் மார்ஷல் முதலிய வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்தில் வாதிட்டனர். 1954 மே 17 அன்று, தலைமை நீதிபதி எர்ல் வாரனும் ஏனைய எண்மரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: தனித்தனிப் பள்ளி என்பதே சமமின்மை.

நினைவிடத்தினுள் ஓர் இடைவழி. இருமருங்கும் திரைகளில், பள்ளிக்குச் செல்லும் கறுப்பினப் பிள்ளைகளை நோக்கி வெறிகொண்ட கூட்டம் கூச்சலிடுகிறது. அக்கூச்சலின் நடுவே நாமும் நடந்தாக வேண்டும். பத்தடி நடப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. அப்பிள்ளைகளோ புத்தகப் பையுடன் நாள்தோறும் நடந்தவர்கள்.

தீர்ப்பு வந்தவுடனே எல்லாம் மாறிவிடவில்லை. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரத்தார், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதினும் அரசுப் பள்ளிகளை மூடிவிடுவதே மேல் என்று 1959-இல் மூடினர். 1964 வரை திறக்கவில்லை. வேறு பல ஊர்களில் கறுப்பின ஆசிரியர்கள் வேலையிழந்தனர். இதனை ஏனோ பலரும் விரித்துப் பேசுவதில்லை.

லிண்டாவின் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. தீர்ப்பு வெளியான காலத்தில் அவர் தொடக்கப்பள்ளியைக் கடந்துவிட்டிருந்தார். சம்னர் பள்ளியில் ஒருநாளும் படிக்கவில்லை. 1979-இல், டொபீகாப் பள்ளிகளில் பிரிவினை இன்னும் நீங்கவில்லை என்று அவ்வழக்கை மீண்டும் திறக்கக் கோரியவர்களுள் அவரும் ஒருவர். இம்முறை மகளாக அன்று, தாயாக. அது முடிவுற்றது 1999-இல்.