மனு எழுதுவதும் ஓர் அமானிதமே



கபரஸ்தானுக்குச் செல்லும் பாதை மழையில் சேறாகிவிட்டால், ஜனாஸாவைச் சுமந்து செல்வோர் படும் பாட்டை நாம் அறிவோம். அப்போதெல்லாம் "சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதலாமே" என்று ஜமாஅத்தில் ஒருவர் சொல்வார், "எழுதி என்ன ஆகப்போகிறது?" என்று மற்றொருவர் சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்புக்கு வரலாறு தரும் விடைகள் இரண்டை இங்கே காண்போம்.

முதலாவது, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தது. கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி). சுவர்க்கத்து நற்செய்தி பெற்ற பத்து நபித்தோழர்களுள் ஒருவர். அத்தகையவர் மீதே கூஃபாவாசிகள் முறையிட்டனர். அவர் தொழுவிக்கும் முறை சரியில்லை என்றுகூடச் சொன்னார்கள். உமர் (ரலி) அம்முறையீட்டை அலட்சியம் செய்யவில்லை. அப்படியே நம்பிவிடவும் இல்லை. ஸஅத் (ரலி) அவர்களை அழைத்து விளக்கம் கேட்டார்கள். பின்னர் கூஃபாவுக்கு ஆளனுப்பி, பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரிக்கச் செய்தார்கள். எல்லோரும் புகழ்ந்தே பேசினர். பனூ அப்ஸ் பள்ளியில் மட்டும் உஸாமா பின் கதாதா என்பவர் எழுந்து, ஆளுநர் படையுடன் செல்வதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, நீதியாகத் தீர்ப்பளிப்பதில்லை என்று பொய்க்குற்றம் சாட்டினார். அநீதிக்குள்ளான ஸஅத் (ரலி) கேட்ட துஆ, முதுமையில் அம்மனிதரைப் பிடித்ததாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. ஆள்வோர் முறையீட்டைக் கேட்டு விசாரிக்க வேண்டும் என்பது இதன் ஒரு பாடம். முறையிடுவோர் உண்மையையே சொல்ல வேண்டும் என்பது மறு பாடம்.

இரண்டாவது, நமது மண்ணின் வரலாறு. ரிஷிவந்தியம் அந்நாளில் சென்னை மாகாணத்தின் தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நிலவரி கட்ட இயலாத குடியானவர்களை வருவாய்த்துறை ஊழியர்கள் வதைப்பது மாகாணமெங்கும் வழக்கமாயிருந்தது. விரல்களைக் கிட்டியில் இட்டு நெரிப்பதும், குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும் அவ்வதைகளுள் சில. 1852இல் கஜுலு இலட்சுமிநரசு செட்டியார் தலைமையிலான சென்னை சுதேசிகள் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது. 1854 ஜூலையில் அங்கே இது விவாதமாயிற்று. அதன்பின் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது.

அக்குழுவுக்கு வந்த முறையீடுகள் 1,959. நேரில் வந்து சொன்னோர் 519 பேர். கடிதம் வழியே சொன்னோர் 1,440 பேர். எழுத்தறிந்தோர் மிகச் சிலரேயாயிருந்த காலத்தில், நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு முறையீடுகள் எழுத்தாகவே வந்தன என்பதை நாம் சிந்திக்க வேண்டும். கொடுமை நிகழ்வது உண்மையே என்று 1855இல் குழு அறிக்கை தந்தது. வெள்ளை அதிகாரிகளை விட்டுவிட்டுப் பழி முழுவதையும் உள்நாட்டு ஊழியர் மீதே சுமத்தியது அதன் குறை. ஆயினும் 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம், வரி வசூலிப்பவரின் கையிலிருந்து காவல் அதிகாரத்தைப் பிரித்தது. பெயர் தெரியாத அக்குடியானவர்களின் கடிதங்களுக்கு அதில் பங்குண்டு.

இன்று நமக்குத் தொலைவு ஒரு தடையன்று. ரிஷிவந்தியத்தாருக்கு மாவட்டத் தலைநகர் முன்பு கடலூராயிருந்தது. 1993இல் விழுப்புரமாகி, 2019இல் கள்ளக்குறிச்சியாயிற்று. சட்டமன்ற உறுப்பினர்களும் மாறுவர். 2011இல் விஜயகாந்த் இத்தொகுதியில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார்; 2016இல் வேறொருவர் வந்தார். ஆள் மாறினாலும் பதிவான மனு கோப்பில் நிற்கும். வாய்ச்சொல் அவ்வாறு நிற்பதில்லை.

ஆகவே, எழுதும்போது அனுப்புநர், பெறுநர், பொருள், நாள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்போம். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். பாதை எனில் அதன் புல எண், நீளம், எத்தனை குடும்பங்களுக்குப் பயன் என்பதை அளந்தும் எண்ணியும் எழுதுவோம். ஐம்பது குடும்பத்தை ஐந்நூறு என்று மிகைப்படுத்துவது கூஃபாவில் எழுந்து நின்ற அம்மனிதரின் வழியாகும். அப்பாதையையே பயன்படுத்தும் பிற சமயச் சகோதரர்களின் கையொப்பத்தையும் கேட்டுப் பெறுவோம். நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெறுவோம். கோரிக்கை நிறைவேறினால் நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதுவதும் நம் கடமையே.

ஊரார் சார்பில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஓர் அமானிதம். அதை உண்மையோடு எழுதவும், பதில் வரும்வரை பொறுமையோடு தொடரவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.