பழத்தில் ஒட்டியிருக்கும் பெயர்

ஜூலை பிறந்துவிட்டால் நியூஜெர்சியில் நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ப்ளூபெர்ரித் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவோம். நாமே பறித்து, எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு வரும் தோட்டம். போன கோடையில் விழுப்புரம் பக்கத்து ஊரிலிருந்து அம்மாவும் வந்திருந்தாள். ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "நாவப்பழம்னு நெனச்சேன், தொவர்ப்பே இல்லியேடி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் பத்து வயது மகள் குக்கீ சுட வேண்டும் என்றாள். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா, ஆப்ப சோடா எல்லாம் வழக்கம்போல. கடைசியில் கை நிறையப் பழத்தை அள்ளிப் போட்டுப் பிசைந்தோம். அடுப்பிலிருந்து எடுத்தபோது தட்டு முழுக்க ஒரே அடையாகப் பரவிக் கிடந்தது. நடுவில் வேகவே இல்லை. பழத்தைச் சுற்றி மாவு பச்சை நிறமாகியிருந்தது. அம்மா குனிந்து பார்த்து, "என்னாடி இது, பாசி புடிச்சாப்ல இருக்கு?" என்று கேட்டாள்.

பச்சைக்குக் காரணம் சோடா. சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுகிறதல்லவா, ப்ளூபெர்ரியின் நிறமியும் அதே குடும்பம்தான். புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமும் பச்சையுமாகத் திரியும். மாவு பரவியதற்குக் காரணம் தண்ணீர். பழத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

குக்கீயின் வரலாறோ தண்ணீரை விரட்டிய வரலாறு. பிஸ்கட் என்ற சொல்லுக்கே இருமுறை சுட்டது என்று பொருள். குக்கீ என்ற சொல் டச்சுக் குடியேறிகளோடு அமெரிக்கா வந்தது. அவர்கள் மொழியில் அது சின்ன கேக். 1796இல் அமீலியா சிம்மன்ஸ் 'அமெரிக்கன் குக்கரி' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் நூலாக அதைச் சொல்வார்கள். அதிலுள்ள குக்கீயில் பழம் கிடையாது. சர்க்கரைப் பாகு, வெண்ணெய், மாவு, பொங்குவதற்கு மரச்சாம்பலிலிருந்து எடுத்த உப்பு, வாசனைக்கு நம்ம கொத்தமல்லி விதைப் பொடி! மூன்று வாரம் கெடாது என்று வேறு சொல்கிறார். பழம் என்றால் உலர்திராட்சையாகவோ ஜாமாகவோ, அதாவது தண்ணீர் போன பிறகுதான், குக்கீக்குள் நுழைய முடிந்தது. வடகிழக்கு அமெரிக்காவின் பூர்வகுடிகளும் ப்ளூபெர்ரியை வெயிலில் காயவைத்துத்தான் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்தார்கள்.

அப்போதெல்லாம் அது காட்டுப்பழம். தோட்டத்தில் வைத்தால் பட்டுப்போகும். ஏன் என்று கண்டுபிடித்தவர் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில். மற்ற பயிருக்கு ஆகாத புளித்த மண்தான் இதற்கு வேண்டும் என்று 1910இல் எழுதினார். அடுத்த ஆண்டு அதைப் படித்த எலிசபெத் ஒயிட் அவருக்குக் கடிதம் போட்டார். நியூஜெர்சியின் பைன் காட்டுப் பகுதியில், ஒயிட்ஸ்பாக் என்ற இடத்தில், அவருடைய அப்பா கிரான்பெரி பயிரிட்டுக்கொண்டிருந்தார். மண்ணும் அதே புளித்த மணல்.

நல்ல புதர் வேண்டுமே? எலிசபெத் காட்டுவாசிகளிடம் போனார். எந்தப் புதரில் பெரிய பழம் காய்க்கும் என்பது வருஷாவருஷம் பறிக்கிறவர்களுக்குத்தானே தெரியும். எட்டில் ஐந்து அங்குல ஓட்டை போட்ட தகடு ஒன்றைக் கொடுத்தார். அந்த ஓட்டைக்குள் நுழையாத பழம் இருக்கும் புதரைக் காட்டினால் பணம். காட்டியவரின் பெயரையே புதருக்கும் வைத்தார். சாட்ஸ்வொர்த் ஊரின் ரூப் லீக் என்பவர் ஒரு புதரைக் காட்டினார். ஆங்கிலத்தில் 'ரூப்' என்றால் பட்டிக்காட்டான் என்றும் பொருள். இவ்வளவு உயர்ந்த செடிக்கு அது பொருந்தாது என்று எலிசபெத் நினைத்தார். லீக்கின் முதல் எழுத்தையும் சேர்த்துவிடலாம் என்று கோவில் சொல்ல, செடி 'ரூபெல்' ஆயிற்று. 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. பின்னால் வந்த பல ரகங்களுக்கு ரூபெல் மூதாதை.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் அதே ஒயிட்ஸ்பாக்குக்கு 1910 செப்டம்பரில் இன்னொருவர் வந்திருந்தார். குழந்தை உழைப்புக்கு எதிரான தேசியக் குழுவுக்காகப் படமெடுத்த லூயிஸ் ஹைன். கிரான்பெரி பறிக்க ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளை அவர் படமெடுத்தார். ஒரு படத்தில் பத்து வயதுப் பெண் பழப்பெட்டி சுமந்து நிற்கிறாள். பள்ளி திறந்து நான்காவது வாரம் என்று ஹைன் குறித்திருக்கிறார். குழுவின் குற்றச்சாட்டுகளை எலிசபெத் ஒயிட் வெளிப்படையாக மறுத்து வாதாடினார். காட்டு மனிதர்களின் அறிவை மதித்து, செடிக்கு அவர்கள் பெயரை வைத்த அதே பெண்மணி. இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"நானும் கடல ஆய போயிருக்கேன்டி, இவ வயசுல. அறுப்பு முடியற வரைக்கும் பள்ளிக்கூடம் கெடையாது. படிக் கணக்குல கூலி."

நாற்பது வருஷத்தில் என்னிடம் அவள் சொல்லாதது இது. ஏம்மா சொல்லல என்று கேட்டேன். "நீ கேட்டியா?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி தோட்டத்துக்குப் போனோம். ரூபெல் இருக்கிறதா என்று கேட்டேன். கடைசி வரிசையைக் காட்டினார்கள். ஒரு காலத்தில் பெரிய பழம் என்று தேர்ந்தெடுக்கப்பட்டது, இன்றைய ரகங்களுக்குப் பக்கத்தில் பொடிசாகத் தெரிகிறது. யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் சுடுவதற்குச் சின்னப் பழம்தான் தோது. மாவை ஓர் இடத்தில் நனைத்துக் குழைக்காது.

இந்த முறை பழத்தைக் கழுவித் துணியில் ஒற்றி, உறையவைத்து, பிசைந்த மாவில் கடைசியாக உடையாமல் புரட்டினோம். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர், கொஞ்சம் எலுமிச்சைத் தோல். சிம்மன்ஸ் நினைவாக ஒரு சிட்டிகை தனியாப் பொடி. குக்கீ பரவவில்லை, பச்சையாகவும் இல்லை. மூன்று வாரமெல்லாம் தாங்காது. இரண்டே நாளில் நமுத்துவிடும். தண்ணீர் உள்ள பழத்தை வைத்துச் சுட்டால் அவ்வளவுதான், உடனே தின்றுவிட வேண்டும்.

மகள் ஒன்றை எடுத்துப் பாட்டிக்குக் கொடுத்தாள். "ஆயா, நீ பறிச்ச கடலைக்கு யார் பேரு வெச்சாங்க?"

"பேரா? அது வெறுங்கடலைடா கண்ணு" என்று சொல்லி அம்மா கடித்தாள்.