திருவொற்றியூர் புல்லட்: வாடிக்கையாளர் பற்றும் வாய்ப்பின்மையும்

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது; திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புல்லட் பெற்ற வரவேற்பை வாடிக்கையாளர் பற்று எனக் கொள்ள இயலாது. சந்தையில் வேறு வண்டிகள் மிகச் சிலவே இருந்தன. 1980களில் ஜப்பானியக் கூட்டு முயற்சியில் வந்த 100 சிசி வண்டிகள் எரிபொருளைச் சிக்கனப்படுத்தின. அதன்பின்னரே எண்ணெய்க் கசிவும் உதைத்துக் கிளப்பும் சிரமமும் பொறுக்கவியலாக் குறைகளாயின. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பில் பறந்த இந்தியன் ஏர்லைன்ஸும் தனியார் போட்டி வந்ததும் இவ்வாறே பயணிகளை இழந்தது. அச்சட்டம் நீக்கப்பட்ட 1994இல்தான் என்ஃபீல்டு, ஐஷர் குழுமத்துடன் இணைந்தது என்பது தற்செயலே எனினும் குறிக்கத்தக்கது. 2000 அளவில் இத்தொழிலை விற்பதா, மூடுவதா என ஆலோசிக்கப்பட்டது. ஆயினும் பின்னர் வலப்புறக் கியர் இடப்புறம் மாற்றப்பட்டபோது பழைய புல்லட்காரர்கள் முணுமுணுத்தனர். மாற்று வண்டிகள் மலிந்த பின்னும் விலகாத இவர்களிடமே பற்று இருந்தது எனக் கருத இடமுண்டு.